சம்பளம் 35 சதவீதம் அதிகம், டீமைப் பற்றிய பேச்சு நன்றாக இல்லை: நிதித்துறையில் இதை எப்படி எடைபோடுவது? (ஒரு விவாதம்; ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் இருப்பது பேசுபவரின் புனைபெயர்)

பேரேடு:

இரண்டு வேலைகளை ஒப்பிட வேண்டும். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் இப்போதைய நிலையான சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்போது: வங்கியில் கடன் பகுப்பாய்வு. சம்பளம் 100. போனஸ் மூன்று ஆண்டுகளாக 14க்கும் 16க்கும் நடுவில், முழுவதும் ரொக்கம். வாரம் 48 மணி நேரம். முன்பு தக்கவைப்புக்காகக் கொடுத்த பங்குகளில் 12 அலகு அடுத்த ஆண்டு கைக்கு வர வேண்டும். ராஜினாமா செய்தால் அது போய்விடும்.

புதியது: முதலீட்டு வங்கியில் நிறுவன இணைப்பு, கையகப்படுத்தல் டீம். சம்பளம் 135. போனஸ் "நிலையான சம்பளத்தில் 60 சதவீதம் வரை". அந்தப் போனஸில் 40 சதவீதம் உடனே வராது, மூன்று ஆண்டுகளில் சம தவணையாக வரும். வாரம் 75 மணி நேரம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஏழு பேர் கொண்ட டீமில் கடந்த 12 மாதங்களில் மூன்று பேர் போய்விட்டார்கள்.

ஆள்சேர்ப்பு ஏஜென்சி "மொத்தம் 216" என்கிறது. இப்போது 115. இந்த 216ஐ எவ்வளவு தூரம் நம்பலாம்? டீம் கல்ச்சர் என்பதை வெறும் உள்ளுணர்வாக விட்டுவிடாமல் எப்படி அளப்பது? கையெழுத்துப் போட ஒரு வாரம் இருக்கிறது.

வட்டிவிகிதம்:

முதலில் 216ஐப் பிரித்துவிடலாம்: சம்பளம் 135, அதன் 60 சதவீதமான 81. "60 சதவீதம் வரை" என்பதில் உள்ள "வரை" என்ற சொல்தான் ஆபத்து. அது உச்சவரம்பு, சராசரி அல்ல. எழுத்தில் வேறு எதுவும் இல்லாதவரை பாதியை, அதாவது 30 சதவீதத்தைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

135க்கு 30 சதவீதம் 40.5. அதில் 60 சதவீதம் ரொக்கம்: 24.3. மீதி 16.2 ஒத்திவைப்பு, ஆண்டுக்கு 5.4 வீதம் மூன்று தவணை. ஒவ்வொரு தவணைக்கும் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஏழில் மூன்று பேர் போன டீமில் ஓர் ஆண்டுக்குள் வெளியேறும் வாய்ப்பு 43 சதவீதம். உங்களுக்கு அதைவிடத் தாராளமாக 30 சதவீதம் என்று வைக்கிறேன். முதல் தவணை கிடைக்கும் வாய்ப்பு 0.70, இரண்டாவது 0.49, மூன்றாவது 0.34. மொத்த எதிர்பார்ப்பு மதிப்பு 8.3தான், 16.2 அல்ல.

ஆக 135 + 24.3 + 8.3 = 167.6. முதல் ஆண்டில் நீங்கள் விட்டுவிட்டு வரும் 12ஐக் கழித்தால் 155.6.

இனி மணி நேரம். இப்போது 48 × 46 வாரம் = 2,208. அங்கே விடுப்பு கொஞ்சம் குறையும், 75 × 47 = 3,525.

இப்போது 100 மணி நேரத்துக்கு 5.2 அலகு. புதிய இடத்தில் 4.75, முதல் ஆண்டில் 4.4. டீல் (இணைப்பு, கையகப்படுத்தல் ஒப்பந்தம்) வறண்டு போனஸ் பூஜ்யமான ஆண்டில் 3.8.

இதைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. கூடுதலாகக் கொடுக்கும் நேரம் 1,317 மணி. கூடுதலாக வரும் பணம் 52.6. அதாவது கூடுதல் ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் 4 அலகு. இது வரிக்கு முன். கூடுதல் வருமானம் உங்கள் மிக உயர்ந்த வரி அடுக்கில் விழும் என்பதால் கையில் நிற்பது இன்னும் குறைவு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் செய்யும் வேலைக்கு, காலை பத்து மணி வேலையைவிடக் குறைந்த கூலி. பேச்சுவார்த்தைக்குப் போகும்முன் இந்த எண் உங்கள் மனதில் இருக்கட்டும்.

நடுநிசி மாடல்:

கணக்கு சரி. ஆனால் முடிவு எடுக்க இது போதாது. மணி நேரக் கூலியை மட்டும் பார்த்தால் யாருமே முதலீட்டு வங்கிக்குப் போகக் கூடாது. போகிறவர்கள் முதல் இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்காக மட்டும் போவதில்லை; அதற்குப் பிறகு திறக்கும் கதவுக்காகப் போகிறார்கள். தனியார் பங்கு முதலீட்டு நிதி, நிறுவனங்களுக்குள் இருக்கும் கையகப்படுத்தல் பிரிவு, கடன் நிதிகள், இவையெல்லாம் டீல் அனுபவம் உள்ளவரைத் தேடுகின்றன.

அந்தக் கதவு திறக்க மூன்று விஷயங்கள் வேண்டும். ஆரம்பம் முதல் முடிவு வரை நடந்து முடிந்த குறைந்தது இரண்டு டீல். வெற்றுத் தாளிலிருந்து நீங்களே கட்டிய மதிப்பீட்டு மாடல், அதாவது ஒரு நிறுவனத்தின் மதிப்பைக் கணிக்கும் கணக்கு. எதிர்த்தரப்பு நிர்வாகத்துடன் உட்கார்ந்த கூட்டங்கள். இவை இல்லாமல் இரண்டு ஆண்டு போனால், கையில் இருப்பது பிட்ச் புக் (வாடிக்கையாளரைப் பிடிக்கத் தயாரிக்கும் விளக்கக் கோப்பு) திருத்திய அனுபவம் மட்டும்தான். ஒரு ஜூனியர் ஆண்டுக்கு முப்பது பிட்ச் செய்து ஒரு டீல்கூட முடிக்காமல் போவது உண்டு. நேர்காணலில் "நீங்கள் செய்த டீலில் வாங்குபவர் ஏன் அந்த விலைக்குச் சம்மதித்தார்?" என்று கேட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி: "கடந்த 12 மாதத்தில் இந்த டீம் கையெழுத்திட்டு முடித்த டீல் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை ஜூனியர்கள் இருந்தார்கள்?" முடித்த டீலை ஜூனியர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்குக் கீழே வந்தால் 75 மணி நேரமும் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

வட்டிவிகிதம்:

நடுநிசி மாடல் சொல்வதை ஏற்கிறேன். அதையும் எண்ணாக்கலாம். இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்து, பிறகு வாரம் 50 மணி நேர வேலைக்கு 140க்குப் போக முடிந்தால், இப்போதைய இடத்தில் அதற்குள் 110 ஆகியிருக்கும் என்று வைத்தால், அந்த 30 வித்தியாசம் ஆண்டுதோறும் தொடரும். முதல் இரண்டு ஆண்டின் மோசமான கூலியை அது சீக்கிரமே ஈடுகட்டிவிடும்.

ஆனால் பத்து மாதத்தில் உடல் ஒத்துழைக்காமல் வெளியேறினால் அந்த 30 வராது, 12ம் போயிருக்கும், சி.வி.யில் விளக்கம் சொல்ல வேண்டிய ஓர் இடைவெளி இருக்கும். தராசில் சம்பளம் ஒரு தட்டு, கல்ச்சர் இன்னொரு தட்டு என்று நினைப்பதுதான் தவறு. கல்ச்சர் சம்பளக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. 0.70, 0.49, 0.34 என்று மேலே போட்டேனே, அந்த எண்கள்தான் கல்ச்சர்.

சிறு எழுத்து:

ஆஃபர் லெட்டரில் போனஸ் பக்கத்தை மட்டும் மூன்று முறை படியுங்கள். அங்கே வரும் சொற்களுக்கு விலை உண்டு.

"உத்தரவாதம்" என்றால் தொகை உறுதி. "இலக்கு" என்றால் நல்ல ஆண்டில் எதிர்பார்க்கலாம். "நிறுவனத்தின் விருப்பப்படி" என்றால் பூஜ்யமும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டதே. வாய்மொழியாக "கவலைப்படாதீங்க, எப்பவும் கிடைக்கும்" என்று சொன்னதற்கு மதிப்பே கிடையாது. காரணம் நேர்மையின்மை என்று இல்லை. சொன்ன மேனேஜரே போனஸ் மாதத்தில் அங்கே இல்லாமல் போகலாம்.

ஐரோப்பிய ஒன்றிய விதிகளில், வங்கியின் ரிஸ்க்கைப் பெரிதாகப் பாதிக்கக்கூடிய பதவிகளுக்கு உத்தரவாதப் போனஸ் புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஆண்டு மட்டும், அதுவும் விதிவிலக்காகத்தான். அதே பதவிகளுக்குப் போனஸில் குறைந்தது 40 சதவீதம் ஒத்திவைக்கப்பட வேண்டும், பெரிய தொகை என்றால் 60. போனஸ் நிலையான சம்பளத்தை மிஞ்சக் கூடாது, பங்குதாரர் ஒப்புதல் இருந்தால் இரண்டு மடங்கு வரை போகலாம் என்ற உச்சவரம்பு 2014 முதல் இருக்கிறது. பிரிட்டன் அந்த உச்சவரம்பை 2023 அக்டோபர் 31 அன்று நீக்கியது. ஜூனியர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள் வர மாட்டார்கள். ஆனாலும் எந்த நாட்டில், எந்த அமைப்பின் கீழ் வேலை என்பதைப் பொறுத்து ஒத்திவைப்பின் நீளம் மாறும். பதவி உயர்வு வந்தபிறகு கையில் வரும் ரொக்கம் குறைந்ததைப் பார்த்துத் திகைப்பவர்கள் இதைப் படிக்காதவர்கள்.

ஒத்திவைத்த தொகை ரொக்கமா, பங்கா, கடன் பத்திரம் போன்ற வேறு கருவியா என்று கேளுங்கள். பங்கு என்றால் உங்கள் சம்பளம், போனஸ், சேமிப்பு மூன்றும் ஒரே நிறுவனத்தில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்க முதலீட்டு வங்கியான பேர் ஸ்டெர்ன்ஸின் பங்கு 2007 தொடக்கத்தில் 170 டாலர் வரை போனது. 2008 மார்ச்சில் அதை வாங்க ஜே.பி. மோர்கன் வங்கி கொடுக்க முன்வந்த விலை பங்குக்கு 2 டாலர், பிறகு 10 ஆனது. அந்த நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் ஊழியர்கள் கையில் இருந்தது. 2023 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ் வங்கி விழுந்தபோது 1,600 கோடி ஃபிராங்க் மதிப்புள்ள ஏ.டி.1 பத்திரங்கள் (வங்கி நெருக்கடியில் மதிப்பிழக்கும்படி அமைந்த கடன் பத்திரங்கள்) பூஜ்யமாக்கப்பட்டன. அவற்றோடு பிணைத்து ஊழியர்களுக்குப் போனஸாகக் கொடுத்திருந்த ஒத்திவைப்பும் சேர்ந்தே அழிந்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்த இழப்புக்குக் காரணமான மேசையின் பக்கமே போகாதவர்கள்.

இன்னும் இரண்டு சொற்கள். கைக்கு வராத தொகையைக் குறைக்கும் உரிமை ஒன்று, "மாலஸ்" என்பார்கள். கைக்கு வந்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை இன்னொன்று, "கிளாபேக்". இரண்டும் எந்தக் காரணத்துக்காக என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். "நடத்தைக் குறைபாடு" என்று மட்டும் இருந்தால் யார் தீர்மானிப்பது என்று கேளுங்கள்.

சேரும்போது கொடுக்கும் போனஸை ஓராண்டுக்குள் வெளியேறினால் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கும். வரி பிடித்தபின் வந்த தொகையையா, வரிக்கு முந்தைய தொகையையா? பல ஒப்பந்தங்களில் வரிக்கு முந்தைய தொகைதான். அதாவது கையில் வராத பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாதவாரியாகக் குறையும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள். இதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

மூன்றாம் அரண்:

கல்ச்சரை அளப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். உள் தணிக்கை, ரிஸ்க் பக்கம் இருப்பவர்கள் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். ஓய்வறையில் என்ன இருக்கிறது, வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து போகிறார்களா என்பதெல்லாம் எதையும் சொல்லாது. மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தவறு வெளிவந்தால் என்ன நடக்கிறது, "முடியாது" என்று சொன்னவருக்கு என்ன நடக்கிறது, பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது.

கடைசியிலிருந்து வருகிறேன். அமெரிக்க வங்கியான வெல்ஸ் ஃபார்கோவில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவை விற்க வேண்டும் என்ற இலக்கு இருந்தது. இலக்கை எட்ட, வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் அறிவிக்கப்பட்டபோது, ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 பேர் நீக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பெரும்பாலும் கீழ்மட்ட ஊழியர்கள். இலக்கை வைத்தவர்களுக்கு விளைவு பிறகுதான் வந்தது. இதிலிருந்து நேர்காணலுக்கான கேள்வி: "என் போனஸ் எண் எப்படித் தீர்மானமாகிறது, எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்கள்?" ஒரே மேனேஜர், ஒரே வருவாய் எண் என்று பதில் வந்தால், அந்த எண்ணுக்காக ஏதாவது ஒருநாள் வளைக்கச் சொல்வார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி, ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் (விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவு) ஆட்களின் போனஸில் வணிகப் பிரிவுத் தலைவருக்குக் கை இருக்கிறதா என்பது. இருந்தால் "முடியாது" என்று சொல்ல அங்கே ஆளே இல்லை. பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர் கிளையில் வர்த்தகமும், அந்த வர்த்தகத்தைச் சரிபார்த்துத் தீர்க்கும் வேலையும் ஒரே ஆளிடம் இருந்தன. 1995இல் 82.7 கோடி பவுண்டு நஷ்டம். 233 ஆண்டுப் பழமையான வங்கி ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. அங்கே வேலை பார்த்த மற்றவர்கள் என்ன சம்பளம் வாங்கினார்கள் என்பது அந்த வாரத்தில் பொருட்டே இல்லை.

எளிதாகச் சரிபார்க்கக்கூடிய இன்னொன்று, கட்டாய விடுப்பு. பல வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து 10 வேலை நாள் விடுப்பு எடுத்தே ஆக வேண்டும். அந்த நாட்களில் கணினி அனுமதியும் மூடப்படும். மறைத்து வைத்த நஷ்டத்தைத் தினமும் ஒருவர் கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், இரண்டு வாரம் அவர் இல்லாவிட்டால் அது வெளியே வந்துவிடும். அந்த நோக்கத்துக்காக வந்த விதி இது. "உங்கள் டீமில் போன ஆண்டு எல்லோரும் அந்தப் பத்து நாளை எடுத்தார்களா, எடுத்தபோது போன் வந்ததா?" என்று கேளுங்கள். விடுப்பே எடுக்க முடியாத டீம் என்றால் ஆள் பற்றாக்குறையும் இருக்கிறது, கட்டுப்பாடும் தளர்ந்திருக்கிறது. ஒரே பதிலில் இரண்டும் தெரிந்துவிடும்.

பேரேடு, கடன் பகுப்பாய்விலிருந்து போகிறீர்கள் என்பதால் இது உங்களுக்கு: கடன் மதிப்பீட்டில் ஒரு படி கூட்டிப் போடச் சொல்லி அழுத்தம் வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டீல் பக்கத்தில் அது "வளர்ச்சி விகிதத்தை 2 புள்ளி ஏற்றிப் பாரேன்" என்ற உருவத்தில் வரும். ஏற்றுவது தவறல்ல, ஏற்றியதற்கான காரணம் மாடலில் எழுதப்படுகிறதா என்பதுதான் விஷயம்.

ஆள்சேர்ப்பு மேசை:

கேள்விகளை எப்போது கேட்பது என்பதும் முக்கியம். ஆஃபர் வந்து, கையெழுத்துப் போடாத இந்த ஒரு வாரம்தான் உங்கள் கை ஓங்கியிருக்கும் நேரம். அதற்கு முன்னால் கேட்டால் "இவருக்கு வேலையில் ஆர்வம் இல்லை" என்பார்கள். பின்னால் கேட்டால் பதில் வராது.

முதல் வேலை: தொழில்முறை வலைத்தளங்களில் அந்த டீமில் கடந்த மூன்று ஆண்டுகளாக இருந்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். சேர்ந்த மாதம், போன மாதம், போன இடம். போனவர்கள் நல்ல இடத்துக்குப் போயிருந்தால் அது வெளியேற்றம் அல்ல, ஏணி. 18 மாதத்துக்கு மேல் இருந்துவிட்டு முதலீட்டு நிதிக்குப் போனவர் வேறு. 7 மாதத்தில் முன்பு இருந்த இடத்துக்கே திரும்பியவர் வேறு. "மூன்று பேர் போனார்கள்" என்ற ஒரே செய்திக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம்.

அவர்களில் இருவரிடமாவது 15 நிமிடம் பேசுங்கள். "டீம் எப்படி?" என்று கேட்காதீர்கள், "நல்லாத்தான் இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். போன இடத்தைப் பற்றிக் குறை சொல்ல யாரும் விரும்ப மாட்டார்கள். நடந்ததைக் கேளுங்கள். "கடைசி மூன்று மாதத்தில் சனிக்கிழமை எத்தனை வேலை பார்த்தீர்கள்?" "வாடிக்கையாளருக்குப் போன மாடலில் தப்பு இருந்தால் அடுத்த 24 மணி நேரத்தில் என்ன நடக்கும்?" "சொன்ன போனஸில் எத்தனை சதவீதம் வந்தது?" எண்ணில் பதில் வரும் கேள்விக்குத்தான் மனிதர்கள் உண்மை சொல்வார்கள்.

டீமுக்குள் உங்களுக்கு ஒரு படி மேலே இருப்பவரைச் சந்திக்கக் கேளுங்கள். டைரக்டரை நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பீர்கள். உங்கள் ராத்திரியைத் தீர்மானிப்பது அந்த ஒரு படி மேலே இருக்கும் அசோசியேட்தான். அவரைச் சந்திக்க விடாமல் சாக்குச் சொன்னால் அதுவே பதில்.

ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேளுங்கள். வேலை நேரம் பற்றி மூன்று வெவ்வேறு எண் வந்தால் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுநிசி மாடல்:

வேலை நேர வாக்குறுதி பற்றிக் கொஞ்சம். அமெரிக்க முதலீட்டு வங்கி கோல்ட்மேன் சாக்ஸ் 2013இலேயே வெள்ளி இரவு 9 மணி முதல் ஞாயிறு காலை 9 வரை ஜூனியர்கள் அலுவலகம் வரக் கூடாது என்று விதி போட்டது. 2021 பிப்ரவரியில் அங்கேயே 13 முதலாண்டு அனலிஸ்ட்கள் தயாரித்த உள் ஆய்வில் வாரச் சராசரி 95 மணி நேரம், தூக்கம் இரவுக்கு 5 மணி நேரம் என்று வந்தது. அவர்கள் கேட்டதில் முக்கியமானது 80 மணி நேர வரம்பு. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கிடைத்தது முதலாண்டுச் சம்பளம் 1,10,000 டாலராக உயர்வு. 2024இல் ஜே.பி. மோர்கன் 80 மணி நேர வரம்பு கொண்டுவந்தது, நடக்கும் டீல்களுக்கு விலக்கோடு.

விதி இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. விலக்கு யார் கொடுப்பது, போன மாதம் எத்தனை முறை கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். நேரத்தைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறதா, அதில் உண்மையான எண்ணைப் போட்டால் யாராவது அழைத்துக் குறைக்கச் சொல்கிறார்களா என்றும் கேளுங்கள். பதிவில் 70, உண்மையில் 90 என்றால் அதைச் சரிசெய்ய நிர்வாகத்துக்குத் தகவலே போகவில்லை என்று பொருள்.

75 மணி நேரத்திலும் இரண்டு வகை உண்டு. டீல் முடியும் மூன்று வாரம் 95, மற்ற நேரம் 60 என்றால் தாங்கலாம். மாலை 6 மணி வரை வேலை வராமல் காத்திருந்து, ராத்திரி 8க்குத் திருத்தம் வந்து 2 மணி வரை உட்கார்வதை ஆறு மாதம் தொடர்ந்து செய்ய முடியாது. முன்னது வேலையின் இயல்பு. பின்னது மேலே இருப்பவர் தன் நேரத்தைத் திட்டமிடாததன் விலை. "பொதுவாகத் திருத்தங்கள் எத்தனை மணிக்கு வரும்?" என்று அசோசியேட்டிடம் கேட்டால் இது தெரிந்துவிடும்.

கடன் அட்டவணை:

எல்லோரும் கல்ச்சர் பக்கம் பேசுகிறோம். சம்பளம் வெல்ல வேண்டிய சூழ்நிலையும் உண்டு. 14 சதவீத வட்டிக் கடன் 60 அலகு இருந்தால் ஆண்டுக்கு 8.4 வட்டிக்கே போகிறது. 18 மாதம் கஷ்டமான வேலை பார்த்து அதை முடித்தால், அது கிட்டத்தட்ட 8 சதவீதச் சம்பள உயர்வு, எந்த மேனேஜரும் பறிக்க முடியாதது.

ஆனால் மூன்று நிபந்தனை. வெளியேறும் தேதியைக் காலண்டரில் முதல் நாளே எழுதுங்கள். மாதத் தவணைகள் எதுவும் போனஸை நம்பி இருக்கக் கூடாது, நிலையான சம்பளத்தில் மட்டும் நிற்க வேண்டும். ஆறு மாதச் செலவு தனிக் கணக்கில் சேரும் வரை வாடகையும் வாகனமும் பழையபடியே இருக்கட்டும். சம்பளம் 135 ஆனதும் செலவு 125 ஆனால் மோசமான டீமிலிருந்து எழுந்து வர முடியாது. விலங்கு அங்கேதான் பூட்டப்படுகிறது, ஆஃபர் லெட்டரில் அல்ல.

பேரேடு:

நன்றி. இரண்டு நாளில் கிடைத்தது இது. போன மூவரில் ஒருவர் 22 மாதம் இருந்து முதலீட்டு நிதிக்குப் போனார். மற்ற இருவரும் 6, 8 மாதத்தில். பின்னவர்கள் இருவரும் ஒரே அசோசியேட்டின் கீழ் இருந்தவர்கள். முடித்த டீல் நான்கு, ஜூனியர்கள் மூன்று. போனஸ் போன ஆண்டு 60இல் 35 வந்தது என்று ஒருவர் சொன்னார். பத்து நாள் விடுப்பை எடுத்தார்கள், போனும் வந்தது.

இப்போதைய மேனேஜரிடம் சொன்னால் எதிர் ஆஃபர் வரலாம் என்று தோன்றுகிறது. அதை ஏற்கலாமா?

ஆள்சேர்ப்பு மேசை:

டீல் விகிதம் நன்றாக இருக்கிறது. பிரச்சினை முழு டீமிலும் இல்லை, ஓர் ஆளிடம் இருக்கிறது. அப்படியென்றால் கேட்க வேண்டியது சம்பளம் அல்ல: "முதல் ஆண்டில் நான் யாரிடம் அறிக்கை செய்வேன்?" குறிப்பிட்ட பெயரை மறுக்க வேண்டாம், காரணம் சொல்லவும் வேண்டாம். விரும்பும் அசோசியேட்டின் பெயரைச் சொல்லி, அவருடைய துறையில் ஆர்வம் என்று கேளுங்கள். மின்னஞ்சலில் உறுதி வந்தபிறகு மற்றது.

எதிர் ஆஃபர்: ராஜினாமா கடிதத்தைப் பார்த்தபிறகுதான் உங்கள் மதிப்பு தெரிந்தது என்றால், பணம் கூடினாலும் போகத் தூண்டிய காரணம் அங்கேயே இருக்கும். வேலையின் உள்ளடக்கம் மாறுகிறது, உதாரணமாகப் பெரிய நிறுவனக் கடன்களை வடிவமைக்கும் டீமுக்கு மாற்றம் என்று எழுத்தில் வந்தால் மட்டும் யோசியுங்கள். அதுவும் கடிதம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுப் பார்ப்பது நல்லது.

வட்டிவிகிதம்:

புதிய எண்களைப் போட்டேன். போனஸ் 35 சதவீதம் என்றால் 47.25; ரொக்கம் 28.35. நல்ல அசோசியேட் கிடைத்து வெளியேறும் வாய்ப்பு 15 சதவீதமானால் ஒத்திவைத்த 18.9இன் எதிர்பார்ப்பு மதிப்பு 13.8. மொத்தம் 177. கூடுதல் 100 மணி நேரத்துக்கு 4.7. பழைய அசோசியேட்டின் கீழ் என்றால் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, எட்டு மாதத்தில் முடிந்துவிடும். ஓர் ஆளின் பெயர் இத்தனை மாற்றுகிறது.

மூன்றாம் அரண்:

எங்கே போனாலும் வெளியேறும் விதத்தில் கவனம். இந்தத் துறையில் பதிவு பின்தொடர்ந்து வரும். அமெரிக்காவில் பத்திரத் தரகு நிறுவனத்தை விட்டுப் பதிவுபெற்ற ஊழியர் விலகினால் 30 நாளுக்குள் யூ5 படிவத்தில் காரணத்தை நிறுவனம் பதிவு செய்ய வேண்டும். பிரிட்டனில் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பல பதவிகளுக்கு முந்தைய ஆறு ஆண்டுக்கான நடத்தைச் சான்றைப் புதிய நிறுவனம் கேட்டு வாங்கியாக வேண்டும். கடைசி வாரத்தில் "என் மாடல்தானே" என்று ஒரு எக்செல் கோப்பைத் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பி, அதனால் புதிய வேலையையும் இழப்பது நடக்கக்கூடியதே. எதையும் எடுக்காதீர்கள். டீல் பட்டியலைக்கூட, பொதுவில் அறிவிக்கப்பட்டவற்றை மட்டும் நினைவிலிருந்து எழுதுங்கள்.

சிறு எழுத்து:

அதோடு தேதி. போனஸ் வாங்க "வழங்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும், ராஜினாமா கடிதம் கொடுத்திருக்கக் கூடாது" என்று பெரும்பாலும் இருக்கும். இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். பணம் கணக்கில் விழுந்த மறுநாள்தான் கடிதம். நோட்டீஸ் காலத்தை அதிலிருந்து எண்ணிச் சேரும் தேதியைச் சொல்லுங்கள்.

பேரேடு:

கேட்டேன். விரும்பிய அசோசியேட்டின் கீழ் என்று மின்னஞ்சலில் உறுதி வந்துவிட்டது. இழக்கும் 12க்கு ஈடு பற்றி லெட்டரில் புதிதாகச் சேர்த்த வரி: "முந்தைய நிறுவனத்தில் இழக்கும் பங்குகளுக்கான ஈட்டை நிறுவனம் உரிய ஆவணங்களின் அடிப்படையில் பரிசீலிக்கும்." சரிதானே?

சிறு எழுத்து:

சரியில்லை. "பரிசீலிக்கும்" என்றால் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லலாம். "வழங்கும்" என்று மாற்றச் சொல்லுங்கள். தொகை 12, எந்த மாதச் சம்பளத்தோடு, ரொக்கமா பங்கா, அதற்குள் அவர்களே உங்களை ஆட்குறைப்பில் விடுவித்தாலும் கிடைக்குமா, நான்கும் அதே வரியில் வர வேண்டும். திருத்திய லெட்டர் கைக்கு வரும்வரை இப்போதைய இடத்தில் வாயைத் திறக்காதீர்கள்.